அல்லி ஏன் பூக்குதில்ல? – தோட்டக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க தண்ணித்தொட்டியும் அல்லியும் பற்றினதுதான். அதால மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைச்சிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன். முதல் கடிதத்துக்கு கொஞ்சம் நீளமாத்தான் எழுதியிருக்கிறன், ஏனெண்டா அதுக்குள்ளயே மற்றவையின்ர பிரச்சினையும் பாதி இருக்கு.

கேள்வி: அக்கா, முத்தத்தில 8 அடி நீளம் 5 அடி அகலத்தில சீமெந்துத் தொட்டி கட்டி ரெண்டு வருசமாச்சு, ஆழம் 3 அடி. ஹார்டி அல்லி எண்டு ஒரு கிழங்கு எடுப்பிச்சு, சின்னப் பூச்சட்டியில தோட்டத்துச் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டு அடியில இறக்கினனான். முதல் மூண்டு மாசத்தில ரெண்டு பூ பூத்தது, அதோட சரி. இப்ப தண்ணியே தெரியாத அளவுக்கு இலை, அதுகளும் படுக்காம குடை மாதிரி மேல எழும்பி நிக்குது. வித்தவர் ஹார்டி எண்டா எதையும் தாங்கும் எண்டவர். தொட்டிக்குத் தெற்கால ஒரு வேப்பமரமும் நிக்குது. நான் என்ன பிழை விட்டனான்?
– வாசகி, திருவையாறு, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ஹார்டி எண்ட சொல்லைப் பாப்பம், எங்கட பக்கம் அல்லி வளக்கிற முக்கால்வாசிப் பேர் அதிலதான் ஏமாறுகினம். ஹார்டி எண்டா குளிருக்குக் கெட்டி எண்டுதான் அர்த்தம், வெயிலுக்கு இல்ல. தொட்டிக்கு மேல ஐஸ் கட்டிற நாடுகளில அடியில கிழங்கு உயிரோட கிடந்து வசந்தத்தில திரும்ப முளைக்கும், அதுக்காக வைச்ச பேர். பிரான்ஸில லத்தூர்-மார்லியாக் எண்டவர் 1875இல நேர்சரி தொடங்கி, குளிரைத் தாங்கிற வெள்ளை அல்லியை மற்ற நிறத்து இனங்களோட கலந்து மஞ்சள், றோஸ், சிவப்பு எல்லாம் எடுத்தவர், 1889இல பாரிஸ் கண்காட்சியிலயும் வைச்சவர். இண்டைக்கு கடைகளில விக்கிற ஹார்டி கனக்க அந்த வழியில வந்ததுகள்தான். அங்க அது பனிக்காலத்தில நாலைஞ்சு மாசம் நித்திரை கொள்ளும். எங்கட வன்னியில அதுக்கு நித்திரையே இல்ல, மார்கழியிலயும் இலை விடும், சித்திரையிலயும் இலை விடும், வருசம் முழுக்கச் சாப்பாடு கேக்கும். நீங்கள் ரெண்டு வருசத்துக்கு முதல் ஒருக்கா மாட்டெரு போட்டதோட அது பட்டினியில நிக்குது.

உங்கட கடிதத்தில எனக்கு எல்லாத்தையும் சொன்ன ஒரு வரி, இலை குடை மாதிரி எழும்பி நிக்குது எண்டதுதான். ஹார்டி அல்லியின்ர இலை தண்ணியில படுக்கிறதுதான் அதின்ர குணம். அது எழும்பி நிண்டா பெரும்பாலும் சட்டிக்குள்ள கிழங்கு நெருக்குப்பட்டு இடமில்லாம கிடக்கு, இலையள் ஒண்டை ஒண்டு தள்ளுது. ஆழம் காணாட்டியும் அப்பிடி நிக்கும், ஆனா உங்களிட்ட 3 அடி இருக்கு, அதால அது இல்ல. வெளிய இருந்து பாக்க நல்லா செழிச்ச மாதிரித்தான் தெரியும், அதுதான் ஆக்கள் விட்டுப்போடினம். காரணத்தைத் தண்ணியில தேடாதேங்கோ, சட்டியைத் தூக்கிப் பாருங்கோ.

தனிய தூக்க ஏலாது, பாரமா இருக்கும், வீட்டில ஆரையும் கூப்பிடுங்கோ. சட்டியைக் கவிட்டா மண்ணை விட கிழங்கும் வேரும்தான் கூட இருக்கும், சிலவேளை சட்டியே வெடிச்சிருக்கும். கழுவிப்போட்டு பாத்தா இஞ்சிக்கிழங்கு மாதிரி கிளை விட்டுக் கிடக்கும், அதில முளை இருக்கிற நுனியா, நல்ல இறுக்கமா இருக்கிற துண்டா அரைச் சாணளவில வெட்டி எடுங்கோ. அமத்த மெத்தெண்டு போறது, மணக்கிறது, கறுத்தது எல்லாத்தையும் இரக்கப்படாம எறியுங்கோ. பழைய இலை எல்லாத்தையும் வெட்டிவிட்டு சுருண்டு வாற ரெண்டு மூண்டு இளம் இலையை மட்டும் விட்டாக் காணும். வெட்டின துண்டை வெயிலில காயவிடாதேங்கோ, நனைச்ச சாக்கால மூடி வையுங்கோ.

இனிச் சட்டி. ஆழமான சட்டி வேண்டாம், அகலமானது வேணும். ஹார்டியின்ர கிழங்கு கீழ போறேல்ல, பக்கவாட்டில ஓடுறது. 16 அங்குல அகலமும் 8, 9 அங்குல உயரமும் உள்ள ஓட்டையில்லாத பிளாஸ்ரிக் பேசின் நல்லது, 10 லீற்றருக்குக் குறையாம மண் பிடிக்கவேணும். மண்ணுக்கு வயல் களிதான், வேற ஒண்டும் தேவையில்ல. கிளிநொச்சியில களிக்குப் பஞ்சமா, வாய்க்கால் கரையில எடுத்தாலும் காணும், ஆனா களைநாசினி அடிச்ச வயலில எடுக்காதேங்கோ, அது அல்லியையும் கொண்டுபோடும். கடையில விக்கிற பொட்டிங் மிக்ஸும் தும்புத்தூளும் மிதந்து தண்ணியைக் கெடுக்கும்.

நடேக்க ஒரு விசயம் வடிவா கவனியுங்கோ. வெட்டின பக்கம் பேசின் சுவரோட முட்டுறமாதிரி, முளை நடுப்பக்கம் பாக்கிறமாதிரி, கிழங்கைச் சரிச்சு வையுங்கோ, அண்ணளவா 45 பாகை. முளை மண்ணுக்கு மேல தெரியவேணும். வாழைக்கண்டு மாதிரி நட்டு முழுக்க மூடினா அழுகிப்போகும். முளையை விட்டுட்டு மற்ற இடத்தில ஒரு விரல் மொத்தத்துக்கு குறுமணல் பரவிவிட்டா களி கரைஞ்சு வராது.

ஆழம் அடுத்தது. உங்கட தொட்டியில சட்டியை நேர அடியில வைச்சா முளைக்கு மேல 2 அடிக்குக் கூடத் தண்ணி நிக்கும், புதுசா நட்டதுக்கு அது கூடிப்போச்சு. தண்ணி எவ்வளவோ தண்டு அவ்வளவு நீளும் எண்டது எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா அந்தத் தண்டை நீட்டுறதுக்கே கிழங்கில இருக்கிற சத்து முழுக்கப் போயிடும், பேந்து எங்க பூக்கிறது. அடியில சீமெந்துக்கல் அடுக்கி முளைக்கு மேல அரை அடி தண்ணி நிக்கிறமாதிரி வையுங்கோ, நாலைஞ்சு இலை வந்து மேல படுத்த பிறகு ஒவ்வொரு கல்லா எடுத்து ஒரு அடி, ஒன்றரை அடி வரைக்கும் இறக்கலாம். அதுக்கு மேல வேண்டாம்.

வேப்பமரத்துக்கும் வருவம். ஹார்டிக்கு நேர் வெயில் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் வேணும், குறைஞ்சா இலை வரும், பூ வராது. சித்திரையில மத்தியான வெயில் எங்கட உச்சந்தலைக்கு மேல நிக்கிறபடியா தெற்கால நிக்கிற மரத்தின்ர நிழல் தெரியாது. ஆனா கார்த்திகை, மார்கழி, தையில சூரியன் தெற்கால சரிஞ்சு போகேக்க அதே மரம் நடுப்பகலிலயும் தொட்டியை மூடும். மரத்தைத் தறிக்கச் சொல்லமாட்டன், தொட்டிப் பக்கம் வாற கிளையை மட்டும் கழிச்சுவிடுங்கோ, சருகு விழுறதும் குறையும்.

மாட்டெரு விசயத்தில நான் பட்டதைச் சொல்லுறன். நான் முதல் முதல் நட்டது ஒரு மஞ்சள் ஹார்டி. ஆசையில அரைவாசிக்கு மேல பச்சை மாட்டெரு போட்டு நட்டனான், மூண்டு கிழமையில சட்டிக்குள்ள இருந்து குமிழி குமிழியா வந்தது, தண்ணி நாறிப்போச்சு, தூக்கிப் பாத்தா கிழங்கு கூழாக் கிடந்தது. தண்ணிக்குள்ள காத்தில்லாம எரு உக்கேக்க வாற வாயு வேரை அழுகப்பண்ணிப்போடும். அண்டைக்குப் பிறகு என்ர அல்லிச்சட்டிக்குள்ள மாட்டெரு போனதில்ல.

இவ்வளவும் தை கடைசியில, மழை விட்டு தண்ணி தெளிஞ்ச பிறகு செய்யுங்கோ. ஒண்டரை ரெண்டு மாசத்தில மொட்டைப் பாக்கலாம். பேந்தும் ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா இப்பிடிப் பிரிக்கத்தான் வேணும்.

கேள்வி: உரம் போடவேணும் எண்டினம், எதைப் போடுறது, எப்பிடிப் போடுறது? நான் ஒருக்கா யூரியா கொஞ்சம் தண்ணியில தூவிப் பாத்தனான், ஒரு கிழமையில தண்ணி பச்சைப் பசேலெண்டு ஆயிட்டுது.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: ஐயா, தண்ணியில தூவினது அல்லிக்குப் போகேல்ல, பாசிக்குத்தான் போனது. அல்லிக்குச் சாப்பாடு மண்ணுக்குள்ள வேருக்குப் பக்கத்தில இருக்கவேணும். அதோட யூரியா முழுக்கத் தழைச்சத்துத்தான், இலையைத்தான் தள்ளும். மெதுவாக் கரையிற அல்லி உரக்குளிசை கிடைச்சா 10 லீற்றர் மண்ணுக்கு 10 கிராம் குளிசை ரெண்டு, மாசம் ஒருக்கா.

அது எங்கட பக்கம் லேசில கிடைக்காது எண்டு தெரியும். நான் செய்யிறதைச் சொல்லுறன். மூண்டு சத்தும் சமனா இருக்கிற கலப்பு உரம் ஒரு மேசைக்கரண்டி மட்டமா எடுத்து, ரெண்டாப் பிரிச்சு, பேப்பர்த் துண்டில இறுக்கிச் சுத்தி, முளையில இருந்து நாலு விரல் தள்ளி ரெண்டு பக்கமும் விரல் போகிற ஆழத்துக்குக் களிக்குள்ள தள்ளி, ஓட்டையைக் களியாலயே அடைச்சு விடுறது. ஆறு கிழமைக்கு ஒருக்கா. எலும்புத்தூள் கிடைச்சா நடேக்க அடிமண்ணில ஒரு கைபிடி போடலாம், மெள்ள மெள்ளப் பொசுபரசு குடுக்கும். புதுசா நட்ட கிழங்குக்கு நாலைஞ்சு இலை வரும் வரைக்கும் உரக்கட்டு வைக்காதேங்கோ. மீன் இருக்கிற தொட்டி எண்டா கட்டு அவிழாம ஆழமாத் தள்ளினதை ரெண்டு தரம் பாருங்கோ.

கேள்வி: எங்கட வீட்டு அல்லி பொழுதுபட்ட பிறகுதான் விரியுது, விடிஞ்சு கொஞ்ச நேரத்தில சுருங்கிடுது. வாங்கினது சிவப்பு ஹார்டி எண்டு. கண்டுக்கு ஏதும் வருத்தமோ அக்கா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: கண்டுக்கு ஒரு வருத்தமும் இல்ல, பேர்தான் பிழை. ஹார்டி பகல்பூ, காலமை எட்டு ஒன்பது மணிக்கு விரிஞ்சு பின்னேரம் மூண்டு நாலுக்குச் சுருங்கும். இரவில விரியிறது எங்கட குளத்து ஆம்பல் இனம், சிங்களத்தில ஓலு எண்டுறது. அதில வெள்ளையும் இருக்கு, றோஸ், சிவப்பும் இருக்கு. இலையைப் பிடிச்சுப் பாருங்கோ, ஓரம் வாள்ப்பல்லு மாதிரி இருக்கும், கீழ்ப்பக்கம் தடவினா மெல்லிய மயிர் படும். ஹார்டியின்ர இலை ஓரம் வழுவழுப்பா, ஒரு பல்லும் இல்லாம வட்டமா வெட்டின மாதிரி இருக்கும். பூவும் பெரும்பாலும் தண்ணியோட ஒட்டினாப்போலதான் கிடக்கும், எங்கட இனங்களின்ர பூ தண்டில எழும்பி நிக்கும். வாங்கப் போகேக்க பூவின்ர போட்டோவைப் பாக்காதேங்கோ, இலை ஓரத்தைப் பாருங்கோ.

உங்களிட்ட இருக்கிறதை எறிஞ்சு போடாதேங்கோ எண்டு கேட்டுக்கொள்ளுறன். வன்னி வெயிலில வளர எண்டே பிறந்தது அது. பொழுதுபட வேலை முடிச்சு வந்து முத்தத்தில இருக்கேக்க விரியிற பூ எத்தினை வீட்டில இருக்கு.

கேள்வி: மொட்டு வருது, பூக்குது, பேந்து வாற மொட்டெல்லாம் தண்ணிக்குள்ள தாண்டு அழுகுது. ஏன்?
– வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, தாண்டு போறது மொட்டில்ல, முடிஞ்ச பூ. ஒரு பூ மூண்டு நாலு நாள் விரிஞ்சு சுருங்கி, கடைசியில தண்டு வளைஞ்சு தண்ணிக்குள்ள போகும், அது வழமை. மொட்டெண்டா நுனி கூரா, இறுக்கமா மேல நோக்கி வரும். முடிஞ்ச பூ மெத்தெண்டு இருக்கும், அமத்தினா தண்ணி வடியும். அதை அடியில கையை விட்டுத் தண்டோட கிள்ளி எடுங்கோ, மஞ்சளான இலையையும் அப்பிடியே. கிழமைக்கு ஒருக்கா செய்தாக் காணும்.

கேள்வி: கறுப்பு பிளாஸ்ரிக் தொட்டியில, 60 லீற்றர் தண்ணி பிடிக்கும், ரெண்டு ஹார்டி வைச்சிருக்கிறன். மாசி, பங்குனியில நல்லாப் பூத்தது. ஆனி ஆடியில இருந்து இலை சின்னனாப் போச்சு, ஓரம் கருகுது, பூவே இல்ல. மத்தியானம் தண்ணியில கைவைக்க ஏலாத சூடு. கிணத்துத் தண்ணி கொஞ்சம் சவர்.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நீங்களே மறுமொழியையும் எழுதிட்டியள், கைவைக்க ஏலாத சூடு எண்டு. வெயில் பூவுக்கு வேணும், ஆனா வேர் நிக்கிற தண்ணி சுடக்கூடாது. பெரிய தொட்டியில மேல் தண்ணி சுட்டாலும் கீழ ஆறி இருக்கும், 60 லீற்றர் கறுப்புத் தொட்டியில சட்டிக்குள்ள களியும் சேந்து வேகும். அதோட சோளகக் காத்து அடிக்கிற மாசங்களில தண்ணி கெதியா வத்தும், வத்த வத்தச் சவர் கூடும், நீங்கள் அதுக்கு மேல திரும்பவும் சவர் தண்ணியையே விடுவியள். இலை ஓரம் கருகிறது அதாலதான் எண்டு நினைக்கிறன்.

ஏலுமெண்டா தொட்டியைக் கழுத்து வரைக்கும் நிலத்தில தாட்டு விடுங்கோ, மண் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஏலாட்டி சுத்திவர நனைச்ச சாக்குக் கட்டுங்கோ, இல்லையெண்டா வெளிப்பக்கம் வெள்ளைப் பெயின்ற் அடியுங்கோ. காலமை வெயில் முழுக்கப் படவேணும், ஒரு மணிக்குப் பிறகு தென்னோலை நிழல் மாதிரி ஐதான நிழல் விழுந்தா நல்லது. 60 லீற்றருக்கு ரெண்டு கண்டு கூட, ஒண்டை வேற தொட்டிக்கு மாத்துங்கோ. மாரியில கூரைத் தண்ணியைத் தாங்கியில பிடிச்சு வைச்சு வெயில் காலத்தில அதை விட்டா சவர்ப் பிரச்சினை பாதி தீரும், தாங்கியை மூடித்தான் வைக்கவேணும், நுளம்பு பெருகும்.

இனி வாங்கிறதெண்டா தாய்லாந்தில எடுத்த ஹார்டி இனங்களைத் தேடுங்கோ. வன்விசா, மங்கல உபோன் எண்ட பேர்களில வரும். சூட்டு நாட்டிலயே தெரிஞ்செடுத்து வளத்ததுகள், எங்கட வெயிலுக்கு ஐரோப்பாப் பழைய இனங்களை விட நல்லாத் தாக்குப் பிடிக்கும். வன்விசா றோஸும் மஞ்சளும் புள்ளி புள்ளியாக் கலந்தது, அதைப் பாத்தா கண் எடுக்க மனம் வராது.

கேள்வி: தொட்டி நடுவில ஃபவுண்டன் பூட்டினனான். பிள்ளையளுக்கு நல்ல சந்தோசம், ஆனா அல்லி மெலியுது.
– வாசகர், மல்லாவி

பதில்: அல்லி ஓடாத தண்ணிக்குப் பழகினது. இலைக்கு மேல்பக்கம்தான் அது மூச்சு விடுற துவாரம் இருக்கு, அதில எந்த நேரமும் தண்ணி விழுந்தா இலை அழுகும். ஃபவுண்டனை ஒரு மூலைக்கு மாத்துங்கோ, அல்லி மற்ற மூலையில. தொட்டி சின்னனெண்டா பின்னேரம் பூ சுருங்கின பிறகு ஒரு மணித்தியாலம் போட்டுக் காட்டுங்கோ பிள்ளையளுக்கு.

கேள்வி: இலையில நீள்வட்டமா ஆரோ கத்தரிக்கோலால வெட்டின மாதிரித் துண்டு துண்டாக் காணேல்ல. சில இலைக்குக் கீழ அந்தத் துண்டே ஒட்டிக்கிடக்கு. நத்தையோ?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நத்தையில்ல, ஒரு சின்ன அந்துப்பூச்சியின்ர புழு. இலையை வெட்டி ரெண்டு துண்டைப் பொருத்திக் கூடு கட்டி அதுக்குள்ள இருந்து மிதந்து போய் அடுத்த இலையைத் தின்னும். ஒட்டிக்கிடக்கிற துண்டைப் பிரிச்சுப் பாத்தா உள்ளுக்குப் புழு இருக்கும், கையாலயே பொறுக்கிறதுதான் நல்ல வைத்தியம். மருந்து ஒண்டும் அடிக்காதேங்கோ, மீனும் தும்பியின்ர குஞ்சுகளும் செத்துப்போகும். கறுப்புப் பேன் பிடிச்சா ஹோஸால தண்ணி பீச்சி அடிச்சுவிடுங்கோ, தண்ணியில விழுந்ததை மீன் பாத்துக்கொள்ளும். கப்பி மீன் பத்துப் பன்னிரண்டு விடுங்கோ, நுளம்புக் குடம்பியையும் அதுகள் விடாது, டெங்குக் காலத்தில அது முக்கியம். திலாப்பியா விடவேண்டாம், களியைக் கிண்டி இளம் முளையையும் தின்னும்.

கேள்வி: ஒன்லைனில நீல ஹார்டி விதை 20 விதை பக்கெற் விக்கினம். வாங்கலாமோ?
– வாசகர், வவுனியா

பதில்: வேண்டாம் தம்பி. சாதாரண ஹார்டியில வெள்ளை, மஞ்சள், றோஸ், சிவப்பு, பீச் நிறம்தான், நீலம் இல்ல. தாய்லாந்தில நீல இனத்தோட கலந்து நீல ஹார்டி எடுத்திருக்கினம்தான், ஆனா அதெல்லாம் பக்கெற் விதையில வாற சாமான் இல்ல. கலப்பு ஹார்டி கனக்க விதையே வைக்காது, வைச்சாலும் தாயைப்போல வராது, கிழங்கு பிரிச்சுத்தான் பெருக்கிறது. நீலம்தான் வேணுமெண்டா எங்கட நாட்டு நீலாம்பலை வையுங்கோ, 1986இல தேசியப் பூவா அறிவிச்ச நில் மானெல் அதுதான். அதுவும் பகலில விரியிறது, வாசமும் இருக்கு.

கேள்வி: பிரிச்செடுத்த மிச்சக் கிழங்கு ஒரு வாளி கிடக்கு. பக்கத்துக் குளத்தில போட்டா ஊருக்கும் வடிவா இருக்கும் எண்டு யோசிக்கிறன்.
– வாசகர், துணுக்காய்

பதில்: தயவுசெய்து போடவேண்டாம். நல்ல மனசோடதான் கேக்கிறியள், அது விளங்குது. ஆனா வெளியில இருந்து வந்த கண்டு குளத்தில பிடிச்சா பேந்து எடுக்க ஏலாது, எங்கட ஆம்பலின்ர இடத்தைப் பிடிக்கும், மதகிலயும் வாய்க்காலிலயும் போய் அடைக்கும். ஆகாயத்தாமரையால எங்கட குளங்கள் படுற பாட்டைக் கண்ணால பாத்துக்கொண்டுதானே இருக்கிறம். அயலட்டைக்குக் குடுங்கோ, ஆரும் கேக்காட்டி வெயிலில நல்லாக் காயவிட்டு எருக்கிடங்கில போடுங்கோ.

கேள்வி: அக்கா, போன வருசம் உங்களிட்ட கேட்டு மாத்தி நட்ட என்ர வெள்ளை ஹார்டி இப்ப ஏழு மொட்டு விட்டிருக்கு! வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோக ஆசை. எப்ப வெட்டினா சுருங்காம இருக்கும்?
– வாசகி, வற்றாப்பளை

பதில்: ஏழு மொட்டு! உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான், அவ்வளவு சந்தோசம். மொட்டாயிருக்கேக்க வெட்டினா அது கடைசிவரைக்கும் விரியாது. முதல் நாள் விரிஞ்ச பூவா, நல்லா முழுக்க விரிஞ்ச பிறகு ஒன்பது பத்து மணி போல, தண்டை ஒரு முழம் நீளமா விட்டு வெட்டுங்கோ. நேத்து விரிஞ்ச பூவெண்டா நடுவில மகரந்தம் உதிரத் தொடங்கியிருக்கும், முதல் நாள் பூவுக்கு நடுக்கிண்ணத்தில ஒரு துளி நீர் மினுங்கும், அதைப் பாத்துத் தெரியலாம். வெட்டின உடனயே வாளித் தண்ணியில கழுத்து வரைக்கும் இறக்கிக் கொண்டுபோங்கோ. மத்தியானப் பூசைக்கு விரிஞ்சபடி நிக்கும். பின்னேரப் பூசையெண்டா சுருங்கிடும், அதுக்கு நந்தியாவட்டையைக் கொண்டுபோறதுதான் சரி. ஏழு மொட்டிலயும் ரெண்டை மட்டும் வெட்டுங்கோ தங்கச்சி, மற்றதைத் தொட்டியிலயே விட்டுட்டு நாலு நாளும் காலமையில போய்ப் பாருங்கோ.